வியட்நாமில் வீட்டுக்கடைச் சாப்பாடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வேலைக்காகச் சைகோன் வந்து இங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டேன். ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறினாலும் ஊர்க்காரர்கள் வாயில் இன்னமும் சைகோன்தான். சுற்றிப்பார்க்க வரும் நம்மவர்கள் நிறையப் பேர் ஹோட்டல் காலை உணவு, இந்தியச் சாப்பாட்டுக்கடை என்று நாட்களைக் கழித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. வீட்டு முன்கூடத்தில் அம்மா சமைக்க, மகள் பரிமாற, அப்பா கல்லாவைப் பார்த்துக்கொள்கிற சின்னக் கடைகளில்தான் இந்த நாட்டின் நல்ல சாப்பாடு கிடைக்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து: தெருவுக்குப் பத்து கடை இருக்கிறது என்கிறார்கள். நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஒரே ஒரு பதார்த்தத்தின் பெயர் பெரிதாக எழுதியிருந்தால் தைரியமாக உள்ளே போகலாம். ஃபோ, அதாவது இறைச்சிச் சாற்றில் போட்ட அரிசி நூடுல்ஸ், என்று எழுதியிருந்தால் அங்கே ஃபோ மட்டும்தான். ஃப்ரைட் ரைஸ் கேட்டால் இல்லை என்று தலையாட்டுவார்கள். ஒரே சாப்பாட்டைத் தினமும் செய்கிற கை அது, அதனால்தான் அந்த ருசி. நான்கு மொழியில் படம் போட்ட நீளமான மெனு இருந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன்.

அப்புறம், நேரம் முக்கியம். நல்ல ஃபோ கடை விடியற்காலையிலேயே திறந்துவிடும். அண்டாவில் சாறு தீர்ந்ததும் கடையை மூடிவிடுவார்கள். பதினொரு மணிக்குப் போய் நின்றால் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். ஏழு மணிக்குப் போங்கள். அலுவலகம் போகிறவர்கள் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அது சரியான கடை.

கோவையிலிருந்து: நாங்கள் சுத்த சைவம். ஃபோ கடையில் இறைச்சி இல்லாமல் காய்கறி மட்டும் போட்டுத் தரச் சொல்லலாமா?

வேண்டாம். மேலே மிதக்கும் இறைச்சியை எடுத்துவிடலாம், ஆனால் சாறே மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுத்ததுதான். வெறும் கீரை வதக்கலில்கூட மீன் சாஸ் விழுந்திருக்கும். கடைக்காரர் மறைக்கவில்லை. அவர் கணக்கில் மீன் சாஸ் உப்பு மாதிரி, அதைத் தனியாகச் சொல்ல அவருக்குத் தோன்றாது.

நீங்கள் தேட வேண்டியது 'சாய்' கடை. பலகையில் சி, எச், ஏ, ஒய் என்று நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். பௌத்தர்களின் சைவச் சாப்பாடு அது. சந்திர மாதத்தின் 1, 15 ஆம் தேதிகளில், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, இங்கே நிறையப் பேர் அசைவம் தொடமாட்டார்கள். அந்த நாட்களில் சாய் கடைகளில் இடம் கிடைப்பதே கஷ்டம், சாதாரணக் கடைகள் சிலவும் சைவம் போடும். தட்டில் பன்றி வறுவல் மாதிரியே ஒன்று வந்தால் பதறாதீர்கள். டோஃபு, காளான், கோதுமைப் புரதம் இவற்றில் அப்படிச் செய்வார்கள். பௌத்த முறையைக் கறாராகப் பின்பற்றும் கடைகளில் வெங்காயம், பூண்டும் இருக்காது. ஆனால் கேரட், முள்ளங்கி போட்டுத்தான் சாறு எடுப்பார்கள், ஜைனர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை சில இடங்களில் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.

சேலத்திலிருந்து: ஃபோவோடு ஒரு தட்டு நிறைய இலை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். எப்படிச் சாப்பிட வேண்டும்?

முதலில் எதையும் போடாமல் சாற்றை இரண்டு கரண்டி குடியுங்கள். சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை, பெரிய கறுப்பு ஏலக்காய் எல்லாம் அதில் இறங்கியிருக்கும். அந்தச் சாற்றுக்காகத்தான் வீட்டில் யாரோ இரவெல்லாம் அடுப்பைப் பார்த்திருக்கிறார்கள். ருசி பார்க்காமல் சாஸைக் கொட்டினால் அந்த உழைப்பு வீண்.

அப்புறம் தட்டுக்கு வாருங்கள். ஊதாத் தண்டு உள்ளது ஒருவகைத் துளசி, இலைகளை உருவிப் போடுங்கள். விளிம்பில் பல் பல்லாக நீளமாக இருப்பது கொத்தமல்லி வாசம் அடிக்கும், கிள்ளிப் போடுங்கள். முளைப்பயிறு பச்சையாகப் பிடிக்காவிட்டால் கொதிக்கிற சாற்றுக்குள் அமுக்கி விடுங்கள். எலுமிச்சை பிழிந்து, மிளகாய் இரண்டு வில்லை. கறுப்பு சாஸையும் சிவப்பு சாஸையும் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி இறைச்சியைத் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள்தான் எனக்குத் தெரிந்து ருசி அறிந்தவர்கள்.

இது தெற்கத்தி வழக்கம். ஃபோ வடக்கே பிறந்தது. 1954 இல் நாடு இரண்டானபோது லட்சக்கணக்கானவர்கள் தெற்கே இடம் பெயர்ந்தார்கள், அவர்களோடு ஃபோவும் வந்து சைகோனில் இலையும் இனிப்பும் சேர்த்துக்கொண்டது. ஹனோயில் இந்தத் தட்டை எதிர்பார்க்காதீர்கள். அங்கே வெங்காயத்தாள், பூண்டு ஊறிய வினிகர், தொட்டுக்கொள்ள நீளமான மாவு வறுவல், அவ்வளவுதான். இரண்டில் எது மேல் என்று இரண்டு ஊர்க்காரர்களும் சண்டை போடுவார்கள். நான் ஹனோய் பக்கம்.

திருச்சியிலிருந்து: மாடு, பன்றி சாப்பிடமாட்டோம். மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?

நான்கு சொல் போதும். மாடு 'போ', பன்றி தெற்கே 'ஹேவ்', வடக்கே 'லொன்', கோழி 'கா'. உச்சரிப்பு மாறினால் பொருளும் மாறிவிடும், அதனால் போனில் எழுத்தைக் காட்டுவதுதான் பத்திரம். ஃபோவிலேயே கோழி ஃபோவுக்கென்று தனிக்கடைகள் உண்டு, அங்கே போங்கள்.

ஹலால் வேண்டுமென்றால் சைகோன் நடுவிலேயே டோங் டு தெருவில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. 1935 இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. அதைச் சுற்றி ஹலால் சாப்பாடு கிடைக்கும்.

ஈரோட்டிலிருந்து: நாய்க்கறி தெரியாமல் வந்துவிடுமா?

வராது. அதற்கென்று தனிக்கடைகள் உண்டு, அதுவும் வடக்கே அதிகம். விலையும் குறைவில்லை, வேறு இறைச்சிக்குப் பதிலாக யாரும் கலக்கமாட்டார்கள்.

சென்னையிலிருந்து: கேட்காத பொருளுக்குக் காசு வாங்கினார்கள். ஏமாற்று வேலையா?

மேசையில் இருந்த ஈரக் கைத்துடைப்பான் பாக்கெட்டைப் பிரித்திருப்பீர்கள், அல்லது கடலைத் தட்டைத் தொட்டிருப்பீர்கள். பிரித்தால் காசு, தொடாவிட்டால் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கும் அதே கணக்குதான். டிப்ஸ் வழக்கம் கிடையாது. நீங்கள் கவனிக்க வேண்டியது நோட்டை. 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலச்சாயல். இருபத்தைந்து மடங்கு வித்தியாசம், அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

புதுச்சேரியிலிருந்து: எங்கள் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் வேலை பார்த்தவர். பாட்டி 'நெம்' செய்வார். அந்த ருசி அங்கே எந்த மாதிரிக் கடையில் கிடைக்கும்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. புதுச்சேரிக்காரர்கள் அரசு உத்தியோகத்திலும் ராணுவத்திலுமாக இங்கே நிறையப் பேர் இருந்தார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினார்கள். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோவில் இன்றும் இருக்கிறது, வியட்நாமியர்களே ஊதுபத்தியோடு வந்து கும்பிடுகிறார்கள்.

பாட்டி செய்ததைத் தெற்கே 'சா யோ' என்பார்கள், வடக்கே 'நெம்'. இறைச்சி, இறால், காளான், கண்ணாடிச் சேமியா எல்லாவற்றையும் அரிசித்தாளில் சுருட்டிப் பொரிப்பது. சேமியா நூடுல்ஸ் விற்கும் குடும்பக் கடைகளில் கேளுங்கள். வெறுமனே கடித்துவிடாதீர்கள். கீரை இலையில் வைத்து, புதினா, துளசி சேர்த்துச் சுருட்டி, சர்க்கரை, எலுமிச்சை, பூண்டு, மிளகாய் கலந்த மீன் சாஸில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள், 'கா ரி கா'. கோழிக் குழம்புதான், ஆனால் காரமில்லாமல் தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்டது. பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொள்வார்கள். நம் ஊர், பிரான்ஸ், வியட்நாம் மூன்றும் ஒரே கிண்ணத்தில் இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து: தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் கடை ஏதாவது சொல்லுங்கள்.

ஹனோயில் சா கா லா வோங். டோவான் குடும்பம் 1871 இல் தொடங்கியது. மஞ்சள் தடவிய மீனைச் சோயிக்கீரையோடு மேசையிலேயே வதக்கித் தருவார்கள். அந்தச் சாப்பாட்டின் பெயரையே தெருவுக்கு வைத்துவிட்டார்கள். சைகோனில் லீ சின் தாங் தெருவில் ஃபோ பின். 1968 இல் கீழே அமெரிக்க வீரர்கள் ஃபோ சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாடியில் கம்யூனிஸ்ட் போராளிகள் டெட் தாக்குதலுக்கு, அதாவது வியட்நாமியப் புத்தாண்டு நேரத்தில் நடத்திய பெரிய தாக்குதலுக்கு, திட்டம் போட்டார்கள். இன்னொன்று ஹனோயின் முட்டைக் காப்பிக் கடை. 1946 இல் பால் தட்டுப்பாட்டில், மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த யாங் என்பவர் மஞ்சள் கருவை அடித்துக் காப்பிமேல் ஊற்றினார். கடையைப் பிள்ளைகள் தொடர்ந்து நடத்துகிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து: வீட்டுக்குள்ளேயே கடை என்கிறீர்களே, மரியாதைக் குறைவாக ஏதும் செய்துவிடாமல் இருக்க என்ன கவனிக்க வேண்டும்?

வாசலருகே தரையில் சின்னச் சிவப்புச் சாமிமாடம் இருக்கும், பழமும் சில நாள் ஒரு கப் காப்பியும் வைத்திருப்பார்கள். நிலச்சாமிக்கும் செல்வச்சாமிக்கும் வைத்த இடம் அது. அதன்முன் பையை வைக்காதீர்கள், காலை நீட்டாதீர்கள். சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் நட்டுவைக்காதீர்கள், செத்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவதுபோல் ஆகிவிடும். காலையில் போணி ஆகாத கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். முதல் ஆள் எப்படியோ அன்றைய வியாபாரம் அப்படி என்ற நம்பிக்கை இங்கேயும் அழுத்தமாக உண்டு.

கூப்பிடுவது சுலபம். உங்களைவிடச் சின்னவர் என்றால் 'எம் ஓய்', அக்கா வயது என்றால் 'சி ஓய்', அத்தை வயது என்றால் 'கோ ஓய்'. பரிமாறும் பெண் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். நீங்கள் தூக்கி வரும் குழந்தையைக் கொஞ்ச நேரத்தில் கடைக்காரம்மா இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பார், பயப்பட வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து: சைகோனில் ஒரே ஒரு வேளைதான் இருப்பேன். எதைச் சாப்பிடட்டும்?

பன்றி சாப்பிடுவீர்கள் என்றால் 'கோம் தாம்'. நொய் அரிசிச் சோறு, கரியடுப்பில் சுட்ட பன்றி விலா, மேலே வெங்காயத்தாள் தாளித்த எண்ணெய், ஓரத்தில் ஊறுகாய்க் காய். முழு அரிசியை விற்றுவிட்டு ஏழைகள் நொய்யைப் பொங்கித் தின்ற காலத்துச் சாப்பாடு, இன்று எல்லாரும் தேடிப் போகிறார்கள். காலை ஏழரைக்கு எந்தக் கடை வாசலில் இறைச்சிப் புகை அதிகமாக வருகிறதோ அங்கே உட்காருங்கள்.