கையால் போட்டால் 3.25, எக்செல்லில் 1.41: குர்ட்டோசிஸ் கணக்கில் எது சரி?

கேள்வி: பதினோராம் வகுப்பில் புள்ளியியல் படிக்கிறேன். பத்து நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்து வைத்தேன்: 6, 9, 9, 9, 9, 11, 11, 11, 11, 14. தட்டை அளவையை, அதாவது குர்ட்டோசிஸை, கையால் போட்டால் 3.25 வருகிறது. அண்ணன் எக்செல்லில் போட்டுப் பார்த்தான், 1.41 என்கிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. 3-க்கு மேல் வந்தால் வளைகோட்டின் முகடு கூர்மையாக இருக்கும் என்று நோட்ஸில் எழுதியிருக்கிறோம். நான் வரைந்த படத்தில் நடுவில் முகடே இல்லை, பள்ளம்தான் இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

பதில்: நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. எக்செல்லும் செய்யவில்லை. தப்பு நோட்ஸில் இருக்கும் அந்த 'முகடு' என்ற சொல்லில் இருக்கிறது. இந்தப் பத்து எண்களே அதற்கு நல்ல சாட்சி என்பதால், முதலில் உங்கள் கணக்கையே மெதுவாக ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்.

சராசரி 10. எட்டு நாள் பஸ் அந்தப் பத்துக்கு ஒரு நிமிடம் முன்னே பின்னே வந்திருக்கிறது. இரண்டு நாள் மட்டும் நான்கு நிமிடம் தள்ளி: ஒருநாள் சீக்கிரம் வந்து 6, ஒருநாள் தாமதமாகி 14. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 8-உம் 32-உம் சேர்ந்து 40. பத்தால் வகுத்தால் பரவற்படி 4. அதன் வர்க்கமூலம் 2, அதுதான் திட்ட விலக்கம்.

புத்தக முறைப்படி விலகல்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டி, சராசரி எடுத்து, பரவற்படியின் வர்க்கத்தால் வகுத்திருப்பீர்கள். 520-ஐப் பத்தால் வகுத்து 52, அதை 16-ஆல் வகுத்து 3.25. சரி. ஆனால் இதே கணக்கை வேறு வரிசையில் போட்டால்தான் உள்ளே நடப்பது தெரியும். ஒவ்வொரு விலகலையும் முதலிலேயே திட்ட விலக்கத்தால் வகுத்துவிடுங்கள். ஒரு நிமிட விலகல் 0.5 ஆகிறது. நான்கு நிமிட விலகல் 2 ஆகிறது. இப்போது நான்காம் அடுக்கு. 0.5 என்பது 0.0625 ஆகச் சுருங்குகிறது. 2 என்பது 16 ஆக வீங்குகிறது.

எட்டு நாளும் சேர்ந்து கொடுப்பது 0.5. மீதி இரண்டே நாள் கொடுப்பது 32. மொத்தம் 32.5, பத்தால் வகுத்தால் 3.25.

அந்த 32.5-இல் கொஞ்சம் நில்லுங்கள். நடுவில் கூட்டமாக நிற்கும் எட்டு நாளுக்கு இந்த எண்ணில் கிட்டத்தட்ட குரலே இல்லை. அந்த எட்டும் 9, 11 என்று இல்லாமல் எல்லாமே 10-இல் போய்க் குவிந்து நடுவில் ஊசிமுனை மாதிரி முகடு வந்திருந்தாலும், மேலே இருக்கும் 32.5-இலிருந்து போவது அந்த அரைப் புள்ளிதான். (உண்மையில் அப்படி மாற்றினால் திட்ட விலக்கமும் குறையும், அதனால் குர்ட்டோசிஸ் 5-க்கு ஏறும். அந்த ஏற்றமும் முனைகளில் இருக்கும் 6, 14 ஆகிய இரண்டும் திட்ட விலக்கக் கணக்கில் இன்னும் தூரமாகிவிடுவதால் வருவதுதான்.) திட்ட விலக்கத்துக்குள் அடங்கிய எந்த மதிப்பும் ஒன்றுக்கு மேல் பங்கு தர முடியாது. அதைத் தாண்டி வெளியே நிற்பவைதான் எண்ணை ஏற்றுகின்றன. ஆகவே குர்ட்டோசிஸ் அளப்பது வாலை. பரவலின் இரண்டு முனைகளிலும் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு கனத்தில் மதிப்புகள் கிடக்கின்றன என்பதை.

இன்னொரு பஸ்ஸை ஒப்பிட்டால் தெளிவாகும். ஐந்து நாள் 8 நிமிடம், ஐந்து நாள் 12 நிமிடம் என்று வரும் ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சராசரி அதே 10, திட்ட விலக்கம் அதே 2. குர்ட்டோசிஸ்? எல்லா விலகலும் சரியாக ஒரு திட்ட விலக்கம், ஒன்றின் நான்காம் அடுக்கு ஒன்று, ஆகவே விடை 1. எந்தப் பரவலுக்கும் இதற்குக் கீழே போக முடியாது. சராசரியும் திட்ட விலக்கமும் இரண்டு பஸ்ஸுக்கும் ஒன்றுதான் என்று சொல்லும். ஆனால் பரீட்சை நாளில் எதை நம்புவீர்கள்? இரண்டாவது பஸ் 12 நிமிடத்தைத் தாண்டவே தாண்டாது. உங்கள் பஸ் பெரும்பாலும் ஒழுங்காக வரும், என்றாவது ஒருநாள் 14 ஆக்கும். அந்த 'என்றாவது ஒருநாள்' எவ்வளவு மோசம் என்பதுதான் இங்கே பேச்சு.

முகடு என்ற பேச்சு எப்படி வந்தது? இந்த அளவைக்கும் லெப்டோகர்டிக் (3-க்கு மேல்), மீசோகர்டிக் (சரியாக 3), பிளாட்டிகர்டிக் (3-க்குக் கீழ்) என்ற பெயர்களுக்கும் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன்தான் காரணம். 1905-இல் அவர் உச்சியின் தட்டைத்தன்மையை வைத்தே இவற்றை விளக்கினார். கிரேக்கத்தில் 'குர்டோஸ்' என்றால் வளைந்தது, கூனியது. தமிழில் 'தட்டை அளவை' என்று பெயர் வைத்தவர்களும் அதே வழியில்தான் போயிருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதுமே கண் வளைகோட்டின் தலைக்குப் போய்விடுகிறது என்பதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனால் பாடப் பெயர் அதுதான், தேர்வில் அதையே எழுதுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1927-லேயே ஒருவர் வாலைப் பிடித்துவிட்டார். டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதியவர். டி சோதனை என்று பின்னால் படிக்கப்போகிறீர்களே, அந்த ஸ்டூடன்ட்தான். மாணவர்கள் பெயர்களை மறக்காமலிருக்க ஒரு கட்டுரையில் சின்னப் படம் போட்டார்: ஒரு பக்கம் குட்டை வாலுள்ள பிளாட்டிபஸ், மறுபக்கம் எதிரெதிரே நிற்கும் நீள வாலுள்ள இரண்டு கங்காருகள். பிளாட்டிபஸ் பிளாட்டிகர்டிக். கங்காரு தாவும், தாவுவதைப் பேச்சுவழக்கில் 'லெப்பிங்' என்பார்கள் என்பதால் அது லெப்டோகர்டிக். அந்தப் படத்தை உங்கள் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள், இரண்டு பெயரும் ஜென்மத்துக்கும் மறக்காது. குட்டை வால், நீள வால். முகடு பற்றி மூச்சே விட வேண்டாம்.

1945-இல் கணிதவியலாளர் இர்விங் கப்லான்ஸ்கி, குர்ட்டோசிஸ் அதிகமாக இருந்தும் முகடு உயராத பரவல்களை உதாரணத்தோடு காட்டினார். 2014-இல் புள்ளியியலாளர் பீட்டர் வெஸ்ட்ஃபால் முகட்டு விளக்கத்துக்கு இரங்கல் அறிவிப்பு மாதிரியே தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். இருந்தும் நோட்ஸுகளில் முகடு சாகவில்லை.

பாடப் படங்களும் இதில் உடந்தை. ஒரே அச்சில் மூன்று வளைகோடுகள்: ஒல்லியாக உயர்ந்தது லெப்டோ, நடுத்தரம் மீசோ, அகலமாகப் படுத்துக் கிடப்பது பிளாட்டி. நானும் இப்படித்தான் வரைந்து மார்க் வாங்கினேன். ஆனால் திட்ட விலக்கம் 1 உள்ள இயல்நிலைப் பரவலையும் (மணி வடிவ வளைகோடு) திட்ட விலக்கம் 2 உள்ளதையும் ஒரே அச்சில் வரையுங்கள். ஒன்று ஒல்லி, மற்றது குண்டு. இரண்டுக்குமே குர்ட்டோசிஸ் 3-தான். ஒல்லியும் குண்டும் திட்ட விலக்கத்தின் வேலை, அதைக் குர்ட்டோசிஸின் தலையில் கட்டக்கூடாது. திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டுத்தானே கணக்கையே தொடங்குகிறோம்? அதனால்தான் நிமிடத்தை நொடியாக மாற்றினாலும் விடை அசையாது.

அந்த 3 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இயல்நிலைப் பரவலுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் வருவது 3. அது ஒரு அளவுகோல், அவ்வளவுதான். எல்லா மதிப்புக்கும் சம வாய்ப்புள்ள சீரான தொடர் பரவலுக்கு 1.8 வரும். ஆனால் ஒரு விவரத்தொகுப்புக்கு 3 வந்துவிட்டது என்பதற்காக அது இயல்நிலைப் பரவல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேறு உருவத்திலும் 3 வரலாம்.

அப்புறம் எக்செல். இங்கே இரண்டு படி நடக்கிறது, இரண்டுமே திரையில் தெரியாது. முதல் படி: எக்செல்லின் கர்ட் ஃபார்முலா அந்த 3-ஐக் கழித்துவிட்டுத்தான் விடை சொல்லும். இயல்நிலைக்கு மேல் எவ்வளவு என்று காட்டுவதற்காக. அப்படிப் பார்த்தால் 0.25 தானே வரவேண்டும்? இரண்டாவது படி இதுதான்: உங்கள் பத்து நாளை எக்செல் முழு விவரமாக எடுத்துக்கொள்வதில்லை, பெரிய தொகுதியிலிருந்து எடுத்த கூறு என்று நினைக்கிறது. திட்ட விலக்கத்தில் 10-க்குப் பதில் 9-ஆல் வகுப்பார்களே, அதே போன்ற ஒரு திருத்தத்தை இங்கேயும் செய்கிறது.

திருத்தத்தைக் கையாலேயே சரிபார்க்கலாம். 0.25-ஐ 11-ஆல் பெருக்குங்கள், 2.75. அதோடு 6 கூட்டினால் 8.75. 9-ஆல் பெருக்கினால் 78.75. எட்டையும் ஏழையும் பெருக்கி வரும் 56-ஆல் வகுத்தால் 1.40625. அண்ணனின் திரையில் வந்த 1.41 இதுதான். இங்கே 11, 9, 8, 7 என்பவை உங்கள் எண்ணிக்கையான 10-ஐ ஒன்று கூட்டியும், ஒன்று, இரண்டு, மூன்று கழித்தும் வந்தவை. 6 மட்டும் எப்போதும் 6. எண்ணிக்கை 10 என்பதால்தான் இத்தனை பெரிய வித்தியாசம். ஆயிரம் மதிப்புகள் இருந்து அதே 0.25 வந்திருந்தால் எக்செல் சுமார் 0.26 என்றிருக்கும். யாரும் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.

அண்ணன் பைத்தான் என்ற நிரல்மொழிப் பக்கம் போனால் இன்னொரு கூத்து காத்திருக்கிறது. அதில் சைபை என்ற நிரல் நூலகம் வழக்கமாக 0.25 தரும், பாண்டாஸ் என்ற இன்னொரு நூலகம் 1.41 தரும். மென்பொருள் ஒரு எண்ணைத் துப்பியதும், 3 கழித்ததா, கூறுக்கான திருத்தம் செய்ததா என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வில் என்ன எழுதுவது? கையால் போட்ட 3.25-தான். 3.25 என்பது 3-ஐ விட அதிகம், ஆகவே லெப்டோகர்டிக் என்று முடியுங்கள். விளக்கம் கேட்டால் புத்தக வரியை எழுதிவிட்டு, 'இயல்நிலைப் பரவலைவிடக் கனத்த வால்கள்' என்று ஒரு வரி சேருங்கள். திருத்துபவர் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவரோடு அந்த மூன்று மணி நேரத்தில் சண்டை வேண்டாம்.

இன்னும் ஒன்று. பத்து எண்ணை வைத்துக்கொண்டு பஸ்ஸின் குணத்தைத் தீர்ப்பெழுத முடியாது. கடைசி 14-ஐ எடுத்துவிட்டு, வண்டி வழியில் நின்றுபோன நாள் என்று 60 போட்டுப் பாருங்கள். குர்ட்டோசிஸ் 7.96-க்குத் தாவும். 600 போட்டாலும் 8.11-ஐத் தாண்டாது, ஏனென்றால் பத்தே மதிப்புகள் இருந்தால் அதுதான் உச்சவரம்பு. ஒற்றை மதிப்பு எண்ணை இப்படித் தூக்கிவிடும் என்பதால், பெரிய குர்ட்டோசிஸைக் கண்டால் முதல் வேலை, அந்த மதிப்பு நிஜமா, தட்டச்சுப் பிழையா என்று மூல நோட்டைப் புரட்டிப் பார்ப்பது.

நிஜமாக இருந்தால் அதை அழித்துவிட்டுக் கணக்கு போடக்கூடாது. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டோ ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தினசரி மழைப் பட்டியலில் பெரும்பாலான கட்டங்களில் பூஜ்யம்தான் இருக்கும். மழை ஒரு பக்கம் மட்டும் நீள்வதால் அங்கே கோட்டமும், அதாவது பரவல் ஒரு பக்கமாகச் சாயும் அளவும், அதிகம், கோட்டம் ஏறினால் குர்ட்டோசிஸும் கீழே தங்க முடியாது. குளத்துக்கு மதகும் ஊருக்கு வடிகாலும் கட்டுகிறவர் சராசரி மழையை மட்டும் பார்த்துக் கட்டினால், அந்த ஒருநாள் தண்ணீர் போக வழியிருக்காது.