அந்தக் கைப்பிடிப் பயறு

அன்புள்ள மேடம்,

எனக்கு 27 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. சென்னையில் ஐ.டி. வேலை, அம்மா என்னோடுதான் இருக்கிறார். போன டிசம்பரில் எங்கள் சபையிலிருந்து பத்துப் பேர் ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைக்கு ஊழியப் பயணம் போனோம். பஹாடியா மக்கள் வாழும் இடம். அவர்கள் பேசும் மால்தோ நம் தமிழுக்குத் தூரத்துச் சொந்தமாம். 'நீ' என்பதை 'நீன்' என்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு ஆராதனை நடந்தது ஒரு மண்சுவர்க் கோயிலில். பெஞ்சு இல்லை, மைக் இல்லை, ஒரே ஒரு மேளம். காணிக்கை நேரத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கைப்பிடி தட்டைப்பயறைக் கொட்டினார். மடியில் அவர் பிள்ளை காய்ச்சலில் துவண்டு கிடந்தது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அதைப் போட்டோ எடுத்தேன். மூன்று மாதமாக அதுதான் என் வாட்ஸ்அப் படம்.

வந்ததிலிருந்து இங்கே ஏசி கோயிலில், பெரிய திரைக்கு முன்னால் ஜெபம் வரவில்லை. தூக்கம் இல்லை. ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். பாதிச் சம்பளத்தை ஊழியத்துக்கு அனுப்புகிறேன், அம்மாவுடன் தினமும் சண்டை. வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது. ஒன்றுமே இல்லாதவர்களிடம் அவ்வளவு விசுவாசம். எல்லாம் இருக்கிற நான் போலியா?

பதில்:

முதலில் உடம்பைப் பார்ப்போம். மூன்று மாதம் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருப்பதைப் பக்தியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ராஜினாமா கடிதம் அதுவரை காத்திருக்கட்டும்.

அந்த மலையில் உங்களுக்கு வந்த கண்ணீர் போலி இல்லை. பிறரின் நல்ல செயலைப் பார்த்து நெஞ்சு விம்முவதை ஜோனதன் ஹைட் போன்ற உளவியலாளர்கள் தனி உணர்ச்சியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நாமும் நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசையை அது தூண்டும். உங்களிடம் அந்த ஆசை வழிமாறிப்போய், உங்களையே அடிக்கும் பிரம்பாகிவிட்டது.

எப்படி என்று யோசித்தபடி கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சேலையின் நிறம் இருக்கிறது, பயறு இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் இல்லை. பிள்ளைக்கு என்ன காய்ச்சல், அப்புறம் என்ன ஆயிற்று? அதுவும் இல்லை.

கோபப்படாதீர்கள். அவர் உங்களுக்காகப் பாடவில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்திருக்கலாம். அந்த மலை இருக்கும் சாஹிப்கஞ்ச், பாக்கூர் மாவட்டங்கள் பக்கமெல்லாம் காலா அசார் என்ற கருங்காய்ச்சல் பல காலமாக உண்டு. அதைப் பரப்பும் மணல் ஈ, நீங்கள் நெகிழ்ந்துபோன அதே மாதிரி மண்சுவரின் வெடிப்புகளில்தான் ஒளிந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் உயிரைக் குடிக்கிற நோய். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் குணமாகும். அந்த மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று விசாரித்தீர்களா?

'ஒன்றுமில்லாததால்தான் விசுவாசம்' என்ற கணக்கு எனக்கு ஒப்பவில்லை. ஏழைகளிலும் சாமியோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு, கோயிலில் தூங்கி விழுகிறவர்கள் உண்டு. நீங்கள் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு மணி நேரம். திங்கட்கிழமை அதே அம்மா விறகுக் கட்டோடு மலை இறங்கும்போது என்ன முணுமுணுத்தாரோ!

உங்கள் சபைப் போதகர், பைபிளில் காணிக்கையாக இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றிப் பிரசங்கம் செய்திருப்பார். அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். நான் சபைக்காரி இல்லை. ஆனாலும் அந்த இரண்டையும் சேர்த்தே படிக்கத் தோன்றுகிறது.

பணம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டுச் செலவு போக, மூச்சு முட்டாத ஒரு தொகையை வைத்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடப்பதால் அந்த மலையில் யாருக்கும் வயிறு நிறையாது. வாட்ஸ்அப் படத்தை எடுத்துவிடுங்கள். அவர் அனுமதி கொடுத்த படம் இல்லையே அது.

அங்கேயே குடியிருக்கும் மிஷனெரி யாராவது உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார் அல்லவா? அவருக்கு ஒரு போன் போடுங்கள். அந்த அம்மாவின் பெயரைக் கேளுங்கள், பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் எதுவாகவும் இருக்கலாம், அதனால் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டாம். அம்மா எடுத்துவைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.