பழைய படக்குழாய் டிவியை (பின்பக்கம் பெட்டிபோல் நீண்டிருக்கும் டிவி) எப்படி அப்புறப்படுத்துவது?

குப்பை வண்டியில் எடுக்க மறுத்துவிட்டார்கள், நானே பிரித்துச் செம்பை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடிக் குழாய் முழுக்க வெற்றிடம், தவறி அடிபட்டால் உள்வாங்கி நொறுங்கிச் சில்லுகள் முகத்தில் தெறிக்கும், போதாததற்குப் பிளக்கைப் பிடுங்கி நாளானாலும் உயர் மின்னழுத்தம் அதில் தங்கியிருக்கலாம். கண்ணாடியிலேயே ஈயம் கலந்திருக்கிறது. பெரிய பெட்டி என்றால் கிலோக்கணக்கில். இவ்வளவும் கொஞ்சம் செம்புக்காகவா?

முதலில் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் மின்கழிவு சேகரிப்பு உண்டா என்று கேளுங்கள். புது டிவி வாங்குவதாக இருந்தால் கடைக்காரரிடமும் கேட்கலாம், ஆனால் "ஓடாத படக்குழாய் டிவி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பலர் தட்டை டிவி மட்டும்தான் எடுப்பார்கள். தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் கொடுத்தால் அவர் செம்பை உருவிக்கொண்டு கண்ணாடியை எங்கே கொட்டுவார் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அதை விட்டுவிடுங்கள். அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனம் என்றால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தூக்கும்போது ஆள் இரண்டு பேர் வேண்டும். எடை முழுக்கத் திரைப் பக்கம்தான், அதனால் திரையை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். ரிமோட் பேட்டரியை மறக்காமல் தனியாக எடுத்துவிடுங்கள்.