ஜெபித்தும் வலி போகவில்லை என்றால் விசுவாசத்தில் குறையா?

பல வருஷமாக வலியோடு இருப்பதாகவும், உபவாசம் இருந்து ஜெபித்தும் சுகம் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். விசுவாசம் போதவில்லையோ என்று கேட்கிறீர்கள். இல்லை. இதே கேள்வியோடு பல ராத்திரி தூங்காமல் கிடந்தவள் என்பதால் சொல்கிறேன்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை. முடக்குவாதம் வந்து 11 வருஷம் ஆகிறது. காலையில் விரல்கள் மடங்காது. பிரஷைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்குவதால் வரும் நோய் இது. ஆனால் ஆரம்பத்தில் பார்க்க வந்த சித்தி, "மக்களே, அறிக்கை பண்ணாத பாவம் ஏதும் உண்டா? யோசிச்சுப் பாரு" என்றார். அன்பாகத்தான் கேட்டார். அன்று விடியும்வரை சின்ன வயதில் செய்ததை எல்லாம் தோண்டிக்கொண்டிருந்தேன்.

யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டதும் இதேதான். அவன் பாவமும் இல்லை, பெற்றோர் பாவமும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். அப்போஸ்தலன் பவுல் தன்னை வாட்டிய ஒரு வேதனையை 'முள்' என்கிறார், அது நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. 2 தீமோத்தேயு கடைசி அதிகாரத்தில், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாகவும் எழுதுகிறார். எத்தனையோ தடவை வாசித்த வசனம், நோய் வந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது.

மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நம் பக்கத்தில் ஊழியம் செய்த லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம்தான் 1838-ல் நெய்யூரில் வைத்தியப் பணியையும் தொடங்கியது. 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த சாமர்வெல் டாக்டர், நெய்யூரில் நோயாளிகள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை வேண்டாம் என்று சொல்லி இங்கேயே வந்துவிட்டார். அவர்கள் சுமந்து வந்த சுவிசேஷத்தோடு மருந்தும் சேர்ந்தேதான் வந்தது.

நான் இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை எடுக்கிறேன். (உங்களுக்கும் அதுதான் என்றால் கவனம். வாரத்தில் ஒரே நாள்தான் போட வேண்டும், தவறிப்போய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.) திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் போய் டாக்டரைப் பார்த்து, ரத்தமும் பரிசோதித்து வருவேன். வலி குறைந்திருக்கிறது, போகவில்லை.

முன்பு "எடுத்துப்போடும் ஆண்டவரே" என்று மட்டும்தான் கேட்பேன். இப்போது அதையும் கேட்கிறேன், கூடவே இந்தப் பாத்திரங்களைக் கழுவி முடிக்கப் பெலன் தாரும் என்றும் கேட்கிறேன். சில நாள் அதுகூட வாயில் வராது. அப்போது 88-ஆம் சங்கீதத்தை வாசிப்பேன். கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். அப்படிப்பட்ட ஜெபமும் வேதத்தில் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

போன மாதத் திருவிருந்தில் முழங்கால்படியிட முடியாமல் பெஞ்சிலேயே இருந்தேன். சபை ஐயர் (போதகர்) கடைசியாக என்னிடம் இறங்கி வந்தார். அப்பத்தை உள்ளங்கையில் வைத்தார். விரல் மடங்காமல் அது நழுவப் பார்த்தது. நான் வாயருகே கொண்டுபோகும்வரை என் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துப் பிடித்திருந்தார். சித்தியும் அதே பெஞ்சில்தான் இருந்தார். வெளியே வந்ததும் ஒன்றும் பேசாமல் குனிந்து, என் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தார்.