செவ்வந்திக்கு இருட்டும் வேண்டும்

கேள்வி: போன பொங்கலுக்கு நர்சரியில் மஞ்சள் செவ்வந்தித் தொட்டி ஒன்று வாங்கினேன். ஒரு மாதம் கொள்ளையாகப் பூத்தது. பூ காய்ந்ததும் கிளைகளை வெட்டிவிட்டேன். திரும்பத் தழைத்து ஒன்றரை அடி வளர்ந்திருக்கிறது. நவம்பர் முடியப்போகிறது, ஒரு மொட்டுகூட இல்லை. உரமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். பால்கனியில் காலை வெயில் நன்றாக விழும். பாதுகாப்புக்காக ராத்திரி முழுக்க அங்கே விளக்கு எரியும். தளிர்களில் சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் வேறு. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செடி நன்றாக இருக்கிறது. விடிய விடிய எரியும் அந்த விளக்குதான் அதைப் பூக்கவிடாமல் வைத்திருக்கிறது.

செவ்வந்தி, இரவின் நீளத்தை வைத்து மொட்டு விடும் செடி. இருட்டு இடைவிடாமல் 12 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் தழைப்பதை நிறுத்திவிட்டு மொட்டு வைக்கத் தொடங்கும். நம் ஊரில் செப்டம்பர் கடைசியில் இரவு அந்த நீளத்தைத் தாண்டுகிறது. உங்கள் செடிக்கோ இரவே வரவில்லை. நடு இரவில் சில மணி நேரம் வெளிச்சம் பட்டாலே போதும், அது கோடைக்காலம் என்று நம்பி இலையாக விட்டுக்கொண்டே போகும். ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். கன்று நட்டதும் ராத்திரியில் பல்பை எரியவிட்டுத் தண்டை நீளமாக வளர்த்துக்கொள்வார்கள். பிறகு விளக்கை அணைத்து, தேவைப்பட்டால் கறுப்புத் துணி போர்த்தி, சந்தைக்கு வேண்டிய நேரத்தில் பூக்க வைப்பார்கள்.

ஆகவே இன்று மாலையிலிருந்து விளக்கை அணையுங்கள், அல்லது தொட்டியை இருட்டான மூலைக்கு மாற்றுங்கள். தெருவிளக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ராத்திரி அந்த இடத்தில் நின்று செய்தித்தாள் படிக்க முடிந்தால் அது செவ்வந்திக்கு ஆகாத இடம். வேறு இடமே இல்லையென்றால் மாலை 6 மணிக்குக் கெட்டியான கறுப்புத் துணியால் மூடி, காலை 7 மணிக்கு எடுத்துவிடுங்கள். மொட்டில் நிறம் தெரியும்வரை ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே புழுங்கும். இருட்டு கிடைக்கத் தொடங்கிய நாளிலிருந்து பூ விரிய, ரகத்தைப் பொறுத்து 7 முதல் 11 வாரம் ஆகும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ பூவைப் பார்த்துவிடலாம்.

உரத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும். அந்தக் கறுப்புப் பூச்சி அசுவினி. தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மிச்சத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 3 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தளிரின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

மழைக்காலத்தில் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். செவ்வந்தி வாடியதைவிட வேரழுகிச் செத்ததுதான் அதிகம். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். கீழ் இலைகளில் கரும்புள்ளி தெரிந்தால் அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், தொட்டியிலேயே போட வேண்டாம்.

பூத்து ஓய்ந்ததும் தண்டுகளைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு வெட்டுங்கள். அடியிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பும். அவைதான் அடுத்த ஆண்டுச் செடிகள். ஏப்ரல், மே மாதங்களில் மதிய வெயில் படாத இடத்தில் வைத்து உயிரை மட்டும் காப்பாற்றினால் போதும். ஜூன், ஜூலையில் வேரோடு கன்றுகளைப் பிரித்து நடுங்கள், நடுவிலிருக்கும் முற்றிய கட்டையை விட்டுவிடுங்கள். செம்மண், மக்கிய எரு, மக்கிய தென்னை நார்க்கழிவு சம அளவு. பத்து அங்குலத் தொட்டிக்கு மூன்று கன்று.

நட்டு நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளுங்கள். கைவராத வேலை இதுதான் பலருக்கு, நன்றாக வளர்கிற தளிரை எப்படிக் கிள்ளுவது என்று மனசு வராது. கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக நெட்டையாகப் போய்ச் சாய்ந்துவிடும். பக்கக்கிளைகள் விரல் நீளம் வந்ததும் இன்னொரு முறை கிள்ளலாம். ஆகஸ்ட் முடிந்த பிறகு கை வைக்காதீர்கள், மொட்டையே கிள்ளியதாகிவிடும்.

ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: நர்சரியில் வாங்கியபோது இருந்த குட்டையான பந்து வடிவம் திரும்ப வராது. பல நர்சரிகளில் வளர்ச்சியைக் குறைக்கும் மருந்து தெளித்து, ஒரே தொட்டியில் நான்கைந்து நாற்றுகளைச் சேர்த்து நட்டு அப்படி உருவாக்குகிறார்கள். மாலைக்கும் பூஜைக்கும்தான் பூ வேண்டுமென்றால் கோ 1, எம்.டி.யு. 1 போன்ற மஞ்சள் ரகக் கன்றுகளை ஜூனில் தேடிப் பிடியுங்கள், நம் ஊர் வெயிலுக்குப் பழகியவை. வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள், செவ்வந்தி இலை அவற்றுக்கு ஆகாது.