மடியில் வைக்க வேண்டாம், தரையில் விடுங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. ஈரோட்டில் வேலை, வீடும் இங்கேதான். மூன்று வாரத்துக்கு முன்பு வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு ஜோடி முயல் வாங்கி வந்துவிட்டேன். அம்மா மூத்திர நாற்றம் தாங்கவில்லை என்கிறார். பாட்டி, முயல் வீட்டுக்கு ஆகாது, தன் புழுக்கையைத் தானே தின்கிறது என்று முகம் சுளிக்கிறார். சார்ஜர் வயரைக் கடித்த நாளிலிருந்து அப்பா கூண்டுப் பக்கம் திரும்புவதே இல்லை, மொட்டைமாடிக்குக் கொண்டுபோ என்கிறார். எப்படியாவது பிடிக்கவைக்க வேண்டும் என்று தினமும் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மடியில் வைக்கிறேன், அது திமிறிக்கொண்டு ஓடுகிறது. என்ன செய்ய?

பதில்: அன்புத் தங்கைக்கு, மடியில் வைக்கிற வேலையை இன்றோடு விட்டுவிடுங்கள். முயல் மற்ற மிருகங்களுக்கு இரையாகிற ஜீவன், தரையிலிருந்து தூக்கினாலே ஏதோ கவ்விக்கொண்டு போகிறது என்றுதான் அதற்குத் தோன்றும். பயத்தில் பின்னங்காலை உதைக்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகலாம்.

எங்கள் வீட்டுக்கு முதல் முயல் வந்தபோது என் மாமியார் ஒரு மாதம் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. நானும் மகளும் சொல்லாத சமாதானம் இல்லை. ஒருநாள் காலையில் அவர் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், கூண்டுக் கதவு திறந்திருந்தது. முயல் வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றியது, புடவைத் தலைப்பை முகர்ந்தது, அப்புறம் தாடையை அவர் கணுக்காலில் ஒரு தேய் தேய்த்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. 'சீ, போ அந்தப் பக்கம்' என்றார், ஆனால் காலை மடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கொத்துக் கீரை அதன் முன்னால் விழுந்தது.

முயல் அப்படித் தாடையைத் தேய்ப்பது தன் வாசனையைப் பூசி 'இது என்னுடையது' என்று குறித்துவைக்கத்தான். நாம் ஆசையோடு துரத்தத் துரத்த அது ஓடும். கண்டுகொள்ளாமல் சும்மா உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் தானாக வரும். அதனால் உங்கள் வீட்டில் பிடிக்காதவர்களிடம்தான் அது சீக்கிரம் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறேன், நீங்கள் நடுவில் புகாமல் இருந்தால்.

ஆனால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. கேட்காமல் வாங்கி வந்ததற்கு முதலில் அப்பா அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். நாற்றம் மூத்திரத்தில்தான், புழுக்கையில் அவ்வளவு இல்லை. முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் போகும். எந்த மூலை என்று பார்த்து அங்கே ஒரு தட்டில் பழைய செய்தித்தாளும் மேலே கொஞ்சம் வைக்கோலும் போட்டு, காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நீங்களே மாற்றுங்கள். வெள்ளையாகப் படிகிற கறை வினிகர் ஊற்றித் தேய்த்தால் போய்விடும். அம்மா ஒருநாள்கூட அந்தத் தட்டைத் தொடும்படி ஆகக் கூடாது. மூத்திரம் சில நாள் சிவப்பாக வரலாம், பெரும்பாலும் தின்ற இலைதழையின் நிறம்தான், ரத்தம் என்று அம்மா பயந்துபோவதற்குள் சொல்லிவையுங்கள். தொடர்ந்து அப்படியே இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பாட்டி பார்த்தது உண்மைதான். முயல் இரண்டு விதமாகப் போகும், அதில் மெத்தென்று கொத்தாக வருவதை மறுபடி தின்றால்தான் அதற்குச் சத்து முழுதாகக் கிடைக்கும். மாடு அசைபோடுகிற மாதிரி என்று சொல்லுங்கள், பாட்டிக்குப் புரியும். 'ஆகாது' என்பதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். காய்ந்த புழுக்கையை மக்கவைக்காமல் அப்படியே செடிக்குப் போடலாம், வீட்டில் மல்லிகைத் தொட்டி இருந்தால் ஒரு பிடி போட்டுவையுங்கள்.

ஜோடி என்றீர்கள், எனக்கு உண்மையாகவே கவலை அங்கேதான். ஆணும் பெண்ணுமாக இருந்தால் மூன்றரை, நான்கு மாத வயதிலேயே இணைசேரும், சினைக்காலம் சுமார் 31 நாள், ஈன்ற அன்றே மறுபடி சினைபிடிக்கும். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். முயலுக்குக் கருத்தடை அறுவை செய்து பழக்கமுள்ள டாக்டர் கிடைக்கும்வரை தனித்தனிக் கூண்டு. ஏழெட்டுக் குட்டி வந்து நின்றால், அதுவரை மனம் மாறியவர்கள்கூடப் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். மொட்டைமாடி மட்டும் வேண்டாம். 30 டிகிரி தாண்டினாலே முயல் திணறும், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் தகரக் கூரையடியில் வைத்தால் செத்தே போகும். அதோடு, மாடியில் இருப்பது என்றைக்கும் வீட்டில் ஒன்றாகாது, யார் கண்ணிலும் படாமல் எப்படிப் பிடித்துப்போகும்? கீழே கூடத்தில் காற்றோட்டமான மூலை போதும், பகலில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். வயர்களுக்கெல்லாம் பழைய பிளாஸ்டிக் டியூபை நீளவாக்கில் கிழித்து மாட்டிவிடுங்கள், அப்பாவுக்கு ஒரு புது சார்ஜரும் வாங்கிக் கொடுங்கள்.

அவர் மனதில் இருப்பது வயர் மட்டுமாக இருக்காது. முயல் எட்டு, பத்து வருஷம் வாழும். நாளைக்கு இவள் கல்யாணமாகிப் போய்விட்டால் யார் தலையில் விழும் என்று அவர் யோசிக்காமல் இருக்க மாட்டார். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்: போகிற இடத்துக்கு நான் கொண்டுபோவேன், முடியாத இடமென்றால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவர்களாகத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று.

இன்னொன்று. பிடித்துப்போன பிறகு ஊட்ட ஆரம்பிப்பார்கள். என் மாமனார் காபியோடு தினம் ஒரு பிஸ்கட் கொடுத்து, ஒருநாள் முயல் தீனியும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் உட்கார்ந்துவிட்டது. அரைநாள் அப்படி இருந்தாலே அவசரம், தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாங்கள் ஓடினோம், பிழைத்தது. புல்தான் பிரதான உணவு, கேரட்கூட எப்போதாவது ஒரு துண்டு. கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அருகம்புல்லைக் கழுவி ஒரு தட்டில் எடுத்து வையுங்கள்.

நாளைக்குப் பாட்டி கீரை ஆய உட்காரும்போது கூண்டைத் திறந்துவிட்டு நீங்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அரைமணி நேரம் எட்டிப்பார்க்காதீர்கள்.