பணம் பிடித்தாயிற்று, கரன்ட் பில் இன்னும் பாக்கி என்றால்

யுபிஐ-யில் 1,840 ரூபாய் போயும் மின்வாரியத் தளம் பாக்கி காட்டுகிறது, நாளை கடைசி நாள் என்கிறீர்கள். பதற்றத்தில் உடனே மறுபடி ஆன்லைனில் கட்டாதீர்கள். முதலில் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து மின் இணைப்பு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் பணம் வேறு வீட்டுக் கணக்கில் ஏறியிருக்கும். அதை மீட்பதுதான் பெரும்பாடு. எண் சரியென்றால் கவலை வேண்டாம். அந்தப் பரிவர்த்தனைக்கான 12 இலக்க அடையாள எண்ணை (யுடிஆர்) குறித்துக்கொண்டு வங்கியில் புகார் பதியுங்கள். வாரியத்துக்குச் சேராத பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, இது ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு. ஆனால் அதற்காகக் காத்திருந்து இணைப்பைத் துண்டிக்க விடாதீர்கள். நாளைக்கும் பாக்கி என்றே காட்டினால், பிரிவு அலுவலகக் கவுண்டரில் ரொக்கமாகக் கட்டி ரசீதைக் கையோடு வாங்கிவிடுங்கள். இரண்டும் ஏறிவிட்டால் கூடுதல் தொகை அடுத்த பில்லில் கழியும்.